76 வாக்கு: பள்ளிக்காக ஓக்லஹோமா வரி உயர்த்திய விதம் (நிகழ்வு ஆய்வு)

2018 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலக் கீழவையில் ஒரு வரி மசோதா 79-க்கு 19 என்று நிறைவேறியது. 101 பேர் கொண்ட அவையில் 51 வாக்கு போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கே வரியை உயர்த்த 76 வேண்டும். இரண்டு நாள் கழித்து 48 பேர் கொண்ட மேலவையில் 36-க்கு 10. அங்கே தேவைப்பட்டதும் 36-தான். ஒரே ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தாலும் மசோதா விழுந்திருக்கும்.

இந்த 76-ஐயும் 36-ஐயும் புரிந்துகொள்ளாமல் ஓக்லஹோமா எதற்கு வரி போட்டது, எதற்குப் போடவில்லை என்பது புரியாது. எந்த வரி நியாயமானது, எது நிலையான வருமானம் தரும் என்று பார்த்து அங்கே வரி தேர்வாகவில்லை. எதற்கு 76 கை தூக்கும் என்று பார்த்துத்தான் தேர்வானது. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பூட்டு எப்படி விழுந்தது

1989 ஆகஸ்டில் அன்றைய ஆளுநர் ஹென்றி பெல்மன் பள்ளிக் கல்விக்காகச் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். (அங்கே ஆளுநர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.) மாதக்கணக்கில் இழுபறி. ஆசிரியர்கள் பள்ளியை விட்டுத் தெருவுக்கு வந்த பிறகு, 1990 ஏப்ரலில் 1017 என்ற எண் கொண்ட சட்டம் வந்தது. வருமான வரி கூடியது. மாநில விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 4.5 ஆனது. பதிலுக்கு ஆசிரியர் குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்தது, தொடக்க வகுப்புகளில் 20 பிள்ளைகள் என்ற வரம்பு வந்தது.

எதிர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1991-ல் சட்டத்தையே நீக்க மக்கள் வாக்கெடுப்பு கொண்டுவந்து தோற்றார்கள். 1992 மார்ச்சில் வேறு வழியில் வந்தார்கள். அதுதான் 640-ஆம் எண் வாக்கெடுப்பு. இனி எந்த வரி உயர்வுக்கும் இரு அவைகளிலும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பொதுத் தேர்தலில் மக்களிடம் போக வேண்டும். இது நிறைவேறி அரசியலமைப்பிலேயே ஏறிவிட்டது. சட்டத்தை நீக்க முடியாதவர்கள் அடுத்த சட்டம் வராதபடி கதவைப் பூட்டிவிட்டார்கள்.

பூட்டு ஒரு பக்கம்தான். வரியைக் குறைக்க வழக்கமான 51-ம் 25-ம் போதும். 2000-களின் நடுவில் 6.65 சதவீதமாக இருந்த வருமான வரியின் உச்ச விகிதம் படிப்படியாக இறங்கி 2016-ல் 5 ஆனது. ஒவ்வொரு படியும் சாதாரண பெரும்பான்மையில் இறங்கியது. திரும்ப ஏற ஒவ்வொன்றுக்கும் 76 வேண்டும். கிணற்றில் வாளியை இறக்க ஒரு ஆள், இழுக்க மூன்று ஆள் என்று வைத்த மாதிரி.

பள்ளி வாரியங்களே உள்ளூரில் வரி போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் சொத்து வரிதான் பள்ளியின் முதுகெலும்பு. ஓக்லஹோமாவில் பள்ளியின் அன்றாடச் செலவுக்கான சொத்து வரிக்கு அரசியலமைப்பே உச்சவரம்பு கட்டியிருக்கிறது. பெரும்பாலான பள்ளி மாவட்டங்கள் அந்த உச்சத்தை எப்போதோ தொட்டுவிட்டன. (பள்ளி மாவட்டம் என்பது நம் வருவாய் மாவட்டம் அல்ல, சில ஊர்களுக்கான தனி வாரியம். அங்கே ஐந்நூறுக்கு மேல் உண்டு.) கடன் பத்திரம் வெளியிடலாம், அதற்கு உள்ளூர் வாக்காளர்களில் 60 சதவீதம் சம்மதிக்க வேண்டும். அந்தப் பணம் கட்டடம், பேருந்து, கருவிகளுக்கு மட்டும், சம்பளத்துக்குத் தொடக்கூடாது. புது விளையாட்டரங்கம் மினுங்கும் ஊரில் கணக்கு வாத்தியார் இடம் காலியாகக் கிடப்பதன் ரகசியம் இதுதான். சம்பளம் என்றால் மாநிலக் கஜானா, மாநிலக் கஜானா என்றால் 76.

எண்ணெய் விலை

ஓக்லஹோமாவில் எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பவர்கள் விற்பனை மதிப்பில் ஒரு பங்கை உற்பத்தி வரியாகக் கட்ட வேண்டும். அடிப்படை விகிதம் 7 சதவீதம். ஆனால் கிடைமட்டக் கிணறுகளுக்கு (கீழே இறங்கிப் பிறகு பாறைக்குள் பக்கவாட்டில் திரும்பும் கிணறுகள்) முதல் 48 மாதம் 1 சதவீதம் என்று சலுகை இருந்தது. அப்போது அந்தத் தொழில்நுட்பம் புதிது, செலவு அதிகம். பிறகு அதுவே வழக்கமான முறையாகிவிட்டது, சலுகை மட்டும் போகவில்லை. 2014-ல் சட்டமன்றம் அதைத் திருத்தி, 2015 ஜூலைக்குப் பிறகு தோண்டும் எல்லாக் கிணறுகளுக்கும் முதல் 36 மாதம் 2 சதவீதம், அதன்பின் 7 என்று நிரந்தரமாக்கியது.

36 மாதம்தானே என்று விட்டுவிடக் கூடாது. ஷேல் பாறையில் தோண்டும் கிணறு முதல் ஆண்டில் பீறிட்டு வந்து பிறகு வேகமாக வற்றும். வாழ்நாளில் தருவதில் பெரும்பங்கு முதல் மூன்று ஆண்டிலேயே வந்துவிடும். கணக்கு போட்டுப் பாருங்கள்: முதல் 36 மாதத்தில் 1 கோடி டாலர் எண்ணெய் தந்த கிணறு 2 சதவீதத்தில் 2 லட்சம் டாலர் கட்டும். 5 சதவீதம் என்றால் 5 லட்சம்; 7 என்றால் 7 லட்சம். முழு விகிதம் வரும்போது கிணற்றில் வண்டல்தான் மிச்சம்.

2014 நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 தொடக்கத்தில் முப்பதுக்குக் கீழே போனது. வருமான வரி குறைந்திருந்தது, கிணற்று வரி 2 சதவீதம், எண்ணெய் விலையும் சரிந்தது: மூன்றும் ஒரே நேரத்தில். ஆசிரியர்களின் மாநில ஊதிய அட்டவணை 2008-க்குப் பிறகு மாறவே இல்லை. இளநிலைப் பட்டத்தோடு புதிதாகச் சேர்பவருக்கு ஆண்டுக்கு 31,600 டாலர். எல்லை தாண்டி டெக்ஸஸ் போனால் அதைவிட எவ்வளவோ கூடுதல். ஆசிரியர்கள் போனார்கள். உரிய பயிற்சிச் சான்று இல்லாதவர்களை வைக்க அளிக்கும் அவசரச் சான்றிதழ் 2011-12 கல்வியாண்டில் 32. 2017-18-ல் அது இரண்டாயிரத்தை நெருங்கியது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பள்ளி மாவட்டம் வாரத்தில் நாலு நாள்தான் பள்ளியைத் திறந்தது.

விழுந்த நாலு முயற்சி

முதலாவது, 2016 நவம்பரில் 779-ஆம் எண் வாக்கெடுப்பு. முன்னாள் ஆளுநரும் அப்போது ஓக்லஹோமா பல்கலைக்கழகத் தலைவருமான டேவிட் போரன் முன்னின்றார். விற்பனை வரியில் ஒரு சென்ட் கூட்டி, ஆண்டுக்குச் சுமார் 61.5 கோடி டாலர் திரட்டி, ஆசிரியருக்கு 5,000 டாலர் உயர்வு. 76 வாக்கு தேடாமல் நேராக மக்களிடம் போகும் வழி இது. 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

ஆசிரியர்மேல் கோபம் என்று இதைப் படித்தால் தப்பு. ஓக்லஹோமாவில் நகராட்சிகளின் அன்றாடச் செலவு விற்பனை வரியை நம்பித்தான் ஓடுகிறது. தீயணைப்பு, காவல் எல்லாம் அதில்தான். மாநிலம் அதே வரியில் இன்னொரு சென்ட் எடுத்தால், நாளை நகராட்சி ஒரு சென்ட் கேட்கும்போது மக்கள் முகம் சுளிப்பார்கள் என்று பல நகரத் தலைவர்கள் எதிர்த்தார்கள். அப்போது மளிகைப் பொருளுக்கும் விற்பனை வரி உண்டு, ஆகவே ஏழைகளின் சுமை கூடும் என்ற எதிர்ப்பு இடது பக்கத்திலிருந்து வந்தது. பிரித்த விதமும் உதவவில்லை: பள்ளிக்கு 69.5 சதவீதம், உயர்கல்விக்கு 19.25, மீதி மற்றவற்றுக்கு. பல்கலைக்கழகத் தலைவரே முன்னின்றதால், நமக்காகக் கேட்கிறாரா தனக்காகவா என்ற சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை. போதாக்குறைக்கு லாட்டரி. 2004-ல் கல்விக்கென்று மக்கள் ஒப்புதல் தந்த மாநில லாட்டரி ஆண்டுக்குச் சுமார் 7 கோடி டாலர் தந்தது. பள்ளிகளுக்கான மாநில ஒதுக்கீடு 240 கோடி டாலர் அளவில் இருந்தது. சமுத்திரத்தில் ஒரு குடம். ஆனால் வாக்காளர் மனதில் "லாட்டரிக் காசு எங்கே போச்சு?" என்ற கேள்வியாக அது நின்றுவிட்டது.

இரண்டாவது முயற்சி 2017 மே. எழுபத்தாறு கிடைக்காது என்று தெரிந்ததும், சிகரெட் பாக்கெட்டுக்கு ஒன்றரை டாலரைக் கட்டணம் என்று பெயர் மாற்றி, கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் சாதாரண பெரும்பான்மையில் நிறைவேற்றினார்கள். வருவாய் மசோதாவை இறுதி ஐந்து நாளில் நிறைவேற்றக்கூடாது என்று அரசியலமைப்பு சொல்கிறது, அதுவும் மீறப்பட்டது. ஆகஸ்ட் 10 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அடித்துத் தள்ளியது. நீதிமன்றம் பார்த்தது இரண்டே விஷயம்: அரசை நடத்தப் பணம் திரட்டுவதுதானா முதன்மை நோக்கம்? இது உண்மையில் ஒரு வரியை விதிக்கிறதா? புகைப்பழக்கத்தைத் தடுக்கும் பணிக்கு அந்தக் கட்டணத்திலிருந்து போனது சொற்பம், மீதியெல்லாம் பொதுச் செலவுக்கு என்றபோது பெயர்ப்பலகை எடுபடவில்லை. பட்ஜெட்டில் 21.5 கோடி டாலர் ஓட்டை.

அதே மாதம் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் வேறு மாதிரி சொன்னது, நிதித் துறை ஆட்கள் கூர்ந்து படிக்க வேண்டிய தீர்ப்பு அது. வாகன விற்பனைக்கு இருந்த விற்பனை வரி விலக்கில் 1.25 சதவீத அளவைச் சட்டமன்றம் நீக்கியிருந்தது. அதுவும் சாதாரண பெரும்பான்மைதான். வரி ஏற்கெனவே இருக்கிறது, விலக்கைத்தான் எடுத்தார்கள், ஆகவே புதிதாக வரி விதிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் அதை ஏற்றது. கார் வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் சட்டப்படி 76 வாக்கு தேவையில்லாத ஒரு திட்டிவாசல் அங்கே இருக்கிறது: விலக்குகளைத் திரும்பப் பெறுவது.

மூன்றாவது, 2017 நவம்பரின் சிறப்புக் கூட்டம்: சிகரெட்டுக்கு ஒன்றரை டாலர், எரிபொருளுக்கு 6 சென்ட், கிணற்று வரி 4 சதவீதம். மேலவையில் தாண்டியது, கீழவையில் 71-க்கு 27. ஐந்து குறைந்தது. நாலாவது, 2018 பிப்ரவரியில் தொழில் நிறுவனத் தலைவர்கள் சேர்ந்து கொண்டுவந்த திட்டம்: ஆசிரியருக்கு 5,000 டாலர், கிணற்றுக்கு அதே 4 சதவீதம். 63-க்கு 35.

இந்த இரண்டும் விழுந்த விதம் ஒன்றல்ல. நவம்பரில் எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் எந்த வரியும் கூடாது என்ற குடியரசுக் கட்சியினர். பிப்ரவரியில் அவர்களோடு ஜனநாயகக் கட்சியினர் பலரும் சேர்ந்தார்கள்: ஏழைகள்மேல் சிகரெட், பெட்ரோல் வரியைப் போட்டுவிட்டு எண்ணெய்க் கம்பெனிக்கு வெறும் 4 சதவீதமா என்பது அவர்கள் வாதம். நான்கில் மூன்று பங்கு என்ற விதியில் 26 பேர் சேர்ந்தால் எதையும் தடுக்கலாம். வரியே வேண்டாம் என்பவரும், இந்த வரி போதாது என்பவரும் ஒரே பொத்தானைத்தான் அமுக்குகிறார்கள். எந்த முன்மொழிவும் இரு முனையிலும் அடிவாங்கும்.

எது மாறியது

இரண்டு நெருக்கடி ஒன்றுசேர்ந்தது. கிணற்று வரியை எல்லாக் கிணற்றுக்கும் முதல் நாளிலிருந்தே 7 சதவீதமாக்கி, ஆசிரியருக்கு 4,000 டாலர் தர மக்கள் மனு ஒன்று கிளம்பியிருந்தது. வாக்குச்சீட்டில் 7 வருவதற்குள் சட்டமன்றத்தில் 5-க்கு முடித்துக்கொள்வது எண்ணெய் நிறுவனங்களுக்கே மேல் என்ற நிலை. மறுபக்கம் ஆசிரியர்கள் பள்ளியை விட்டு வெளியேற ஏப்ரல் 2 என்று நாள் குறித்துவிட்டார்கள். அங்கே ஆசிரியர் வேலைநிறுத்தம் சட்டப்படி கூடாது. ஆனால் பள்ளி வாரியமே வகுப்பை ரத்து செய்துவிட்டால் அது வேலைநிறுத்தம் ஆகாது. பல வாரியங்கள் முன்கூட்டியே அப்படித் தீர்மானம் போட்டன. ஊழியரும் நிர்வாகமும் ஒரே பக்கம் நிற்கும் போராட்டத்தைச் சட்டமன்றம் அடிக்கடி பார்ப்பதில்லை.

மார்ச் 29 அன்று ஆளுநர் மேரி ஃபாலின் கையெழுத்திட்ட மசோதா 1010-ல் இருந்தவை: கிணற்று வரி முதல் 36 மாதம் 2-லிருந்து 5 சதவீதம். சிகரெட் பாக்கெட்டுக்கு ஒரு டாலர் கூடுதல், மொத்தம் 2.03 டாலர். பெட்ரோல் கேலனுக்கு 3 சென்ட், டீசலுக்கு 6 சென்ட். விடுதி அறைக்கு இரவுக்கு 5 டாலர். மொத்த மதிப்பீடு சுமார் 44.7 கோடி டாலர். கூடவே வந்த ஊதியச் சட்டத்தில் ஆசிரியருக்குச் சராசரியாக 6,100 டாலர் உயர்வு. புதிதாகச் சேர்பவருக்கு 36,601, அனுபவமும் பட்டமும் உள்ளவருக்கு உயர்வு மட்டும் எட்டாயிரத்துக்கு மேல். பள்ளி உதவி ஊழியருக்கு 1,250 டாலர்.

விடுதி வரி பிறந்த வேகத்திலேயே செத்தது. 200 டாலர் அறைக்கு 5 டாலர் உறுத்தாது. நெடுஞ்சாலை ஓரத்து 50 டாலர் அறைக்கு அது பத்து சதவீதம். விடுதிக்காரர்கள் திரண்டார்கள், தனி மசோதாவில் நீக்கினார்கள், சுமார் 5 கோடி டாலர் போனது. சதவீதமாக வைத்திருந்தால் பிழைத்திருக்கலாம். சேர்ப்பதற்கு 76 தேவைப்பட்டதை எடுப்பதற்கு அவ்வளவு தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆசிரியர்கள் அப்படியும் ஏப்ரல் 2 அன்று வெளியே வந்தார்கள். அவர்கள் கேட்டது 10,000 டாலர் ஊதிய உயர்வும், பள்ளிகளுக்கு மூன்றாண்டில் 20 கோடி டாலரும். கிழிந்த பாடநூலும் உடைந்த நாற்காலியும் ஊடகமெங்கும் வலம் வந்தன. துல்சாவிலிருந்து தலைநகருக்கு 110 மைல் நடந்தே வந்தார்கள். ஏப்ரல் 12 வரை நீடித்த போராட்டத்தில் கூடுதலாகக் கிடைத்தது கொஞ்சம்: இணையச் சந்தையில் மூன்றாம் நபர் விற்கும் பொருளுக்கு வரி வசூல், சூதாட்ட விடுதிகளில் பந்து, பகடை ஆட்டத்துக்கு அனுமதி. இரண்டும் சேர்ந்து சில கோடி டாலர். மூலதன ஆதாயத்துக்கு (சொத்து, பங்கு விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு) உள்ள வரிவிலக்கை நீக்கக் கேட்டார்கள், அது அசையவில்லை. நம் கணிப்பில் இங்கேதான் வாய்ப்பு நழுவியது. விலக்கை நீக்க 76 வேண்டாம் என்று வாகன வழக்கில் நீதிமன்றம் எட்டு மாதம் முன்பே காட்டியிருந்தது. குறைவாக இருந்தது அவை மனம்தான்.

பிறகு நீதிமன்றத்தில் ஒரு சுற்று. முன்னாள் செனட்டர் டாம் கோபர்ன் உள்ளிட்டோர் சட்டத்தை வாக்கெடுப்புக்கு இழுக்க மனு சுற்றத் தொடங்கினார்கள். அங்கே கையெழுத்துத் தாளின் தலையில் சட்டத்தின் சாரத்தைச் சில வரியில் எழுத வேண்டும். அவர்கள் எழுதியதில் சிறு சுருட்டுக்கு விதித்த வரி விடுபட்டிருந்தது. சாரம் போதுமானதல்ல என்று ஜூன் 22 அன்று உச்ச நீதிமன்றம் மனுவையே செல்லாது என்றது. 44 கோடி டாலர் சட்டம் ஒரு சுருட்டில் தப்பியது. எதிர்த்து வாக்களித்த 19 கீழவை உறுப்பினர்களில் நவம்பர் பொதுத் தேர்தல் வரை போக முடிந்தது நாலே பேரால்.

கால்கள் எவ்வளவு தாங்கின

ஆசிரியர் ஊதியம் என்பது ஒருமுறை ஏறினால் இறங்காத செலவு. ஆண்டுக்கு ஆண்டு அனுபவப் படியோடு வளரும். அதைத் தாங்க நிறுத்திய மூன்று கால்களையும் பாருங்கள்.

சிகரெட் வரி குறையவே பிறந்த வரி. விலை ஏறினால் புகைப்பவர் குறைவார். அதுதான் சுகாதாரத் துறையின் ஆசையும்கூட. மேலும் வடகிழக்கே மிசோரியில் பாக்கெட்டுக்கு வரி 17 சென்ட். எல்லை ஊர்க்காரருக்கு ஒரு கார்ட்டன் வாங்கப் போய்வரும் பெட்ரோல் காசு கட்டுப்படியாகும்: பத்துப் பாக்கெட்டுக்கு வரி வித்தியாசமே 18.60 டாலர். எரிபொருள் வரி சதவீதம் அல்ல, கேலனுக்கு இத்தனை சென்ட் என்ற நிலையான தொகை. விலைவாசி ஏறினாலும் அது ஏறாது, வண்டிகள் மைலேஜ் கூடக் கூட வசூல் தேயும்.

மூன்றாவது கால், எண்ணெய். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல், எடுத்துப் போகக் காசு கொடுக்கும் நிலை. அந்த ஒப்பந்தத்தின் எண்ணெய் கைமாறும் இடம் குஷிங் என்ற ஊர். அது இருப்பது ஓக்லஹோமாவில்தான். சூனிய மதிப்புக்கு 2 சதவீதமும் சூனியம், 5 சதவீதமும் சூனியம். அந்த ஆண்டு பட்ஜெட்டில் பள்ளிகளுக்கு மாநில ஒதுக்கீடு சுமார் 2.5 சதவீதம் குறைந்தது. கூட்டரசின் கொரோனா நிதி வந்து பள்ளத்தை அடைத்தது. இரண்டே ஆண்டில் விலை ஏறி, கிணற்று வரி கொட்டியது. இப்படி ஆடும் வரவுக்கு மருந்தாக, ஐந்தாண்டுச் சராசரிக்கு மேல் வரும் தொகையை ஒதுக்கி வைக்கும் நிலைப்படுத்தும் நிதி ஒன்றை 2016-லேயே சட்டமாக்கியிருந்தார்கள். வரவு சரிந்து கிடந்த காலத்தில் தொடங்கிய உண்டியலில் போட அப்போது எதுவும் இல்லை.

நாலாவது கால் ஒன்று இருந்தது: வருமான வரி. சம்பளங்கள் ஏற ஏறத் தானே வளரும், ஆசிரியர் ஊதியத்துக்குப் பொருந்தி நடக்கும் வரவு அது ஒன்றுதான். 76 வாக்கு கிடைக்காது என்பதால் 2018-ல் அதன் விகிதம் ஏறவில்லை. 2021-ல் விகிதத்தைத் தொட்டார்கள், குறைப்பதற்காக: தனிநபர் உச்ச விகிதம் 5-லிருந்து 4.75 ஆனது, நிறுவன வரி 6-லிருந்து 4 ஆனது. 2024 ஆகஸ்ட் இறுதியில் மளிகைக்கான மாநில விற்பனை வரி நீங்கியது. ஏழைகளுக்கு நல்லது, 2016-ல் இது இருந்திருந்தால் 779-க்கு எதிரான வலுவான வாதம் ஒன்று குறைந்திருக்கும். 2025-ல் நிறைவேறிய சட்டம் வருமான வரியை 2026 முதல் 4.5 ஆக்குகிறது. எதற்கும் 76 தேவைப்படவில்லை. அந்த 0.25 சதவீதத்தைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்று நாளை யாராவது நினைத்தால், கீழவையில் 76, மேலவையில் 36.